கூதிர்ப் பாசறைக் கடிதங்கள்: முதல் உலகப் போரில் பிரான்சுக்குப் போன நம் சிப்பாய்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் உலகப் போரின்போது பிரான்சு, பெல்ஜியம் போர்முனையில் இருந்த இந்தியச் சிப்பாய்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களைச் சில ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். இதைப் பற்றி யாரிடம் பேச்செடுத்தாலும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. ஒரே இடத்தில் பதில் இருக்கட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

யார் இவர்கள்? எப்போது போனார்கள்?

1914 ஆகஸ்டில் போர் மூண்டதும் பிரிட்டனின் சிறிய நிரந்தரப் படை சில வாரங்களிலேயே தேய்ந்துவிட்டது. கைவசம் தயாராக இருந்த பெரிய படை இந்தியப் படை. லாகூர், மீரட் டிவிஷன்கள் கப்பலேறின. செப்டம்பர் கடைசியில் முதல் கப்பல்கள் மார்செய் துறைமுகத்தை அடைந்தன. அதே மாதம் 22ஆம் தேதி இரவுதான் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள் மீது குண்டு வீசியது. அந்தப் பெயர் இன்றும் நம் பேச்சில் இருக்கிறது. அதே நாட்களில் கப்பலேறிப் போனவர்களின் பெயர்கள்தான் நம் நினைவில் இல்லை.

போர் முடிவதற்குள் சுமார் 1,38,000 இந்தியர்கள் பிரான்சில் பணியாற்றினார்கள். சீக்கியர், பஞ்சாபி முஸ்லிம்கள், பட்டாணியர், கர்வாலிகள், டோக்ராக்கள், ஜாட்டுகள், மராத்தியர், கூர்க்காக்கள். காலாட்படை 1915 கடைசியில் மெசபடோமியாவுக்கு, அதாவது இன்றைய ஈராக்குக்கு அனுப்பப்பட்டது. குதிரைப்படை 1918 வரை அங்கேயே இருந்தது. எல்லாப் போர்முனைகளையும் சேர்த்தால் கடல் கடந்து போன இந்தியர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். அவர்களில் சுமார் 74,000 பேர் திரும்பவில்லை.

தமிழர்கள் இருந்தார்களா?

பிரான்சுக்குப் போன காலாட்படையில் தென்னாட்டவர் மிகக் குறைவு. சில இனத்தார்தான் போர்க்குணம் உள்ளவர்கள் என்று வெள்ளைக்காரர்கள் ஒரு கொள்கை வைத்திருந்தார்கள். அதன்படி சென்னை மாகாணத்தில் ஆள் எடுப்பதைப் பல ஆண்டுகளாகவே குறைத்துவந்தார்கள். அந்தக் கணக்கு தவறு என்பதற்குச் சென்னை சாப்பர்களின், அதாவது ராணுவப் பொறியியல் படையினரின், வரலாறே போதும்.

நம்மவர்கள் வேறு முனைகளுக்குப் போனார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் 1914 நவம்பரில் நடந்த சண்டையில் பாளையங்கோட்டைப் படைப்பிரிவு இருந்தது. மெசபடோமியாவில் சென்னை சாப்பர்கள் இருந்தார்கள். முள்வேலியைத் தகர்க்க நீளக் குழாயில் வெடிமருந்து அடைத்துத் தள்ளும் ‘பெங்களூர் டார்பிடோ’ என்ற கருவி, 1912இல் இந்தச் சென்னை சாப்பர்களின் பெங்களூர் முகாமில் உருவானதுதான்.

ஆனாலும் இந்தக் கட்டுரையில் நான் பேசுவது பிரான்சிலிருந்து வந்த கடிதங்களைப் பற்றி. அவைதான் பெரிய அளவில் எஞ்சியிருக்கின்றன. பஞ்சாபியிலோ உருதுவிலோ எழுதப்பட்டிருந்தாலும் அவற்றில் இருக்கும் வீடு நமக்குத் தெரிந்த வீடுதான்.

தலைப்பில் இருக்கும் ‘கூதிர்ப் பாசறை’ என்றால் என்ன?

கூதிர் என்றால் குளிர்காலம், பாசறை என்றால் போர்முகாம். குளிர்காலத்திலும் வீடு திரும்பாமல் படை தங்கியிருக்கும் முகாமுக்கு நம் இலக்கணம் வைத்த பெயர் இது. மழைக்கும் குளிருக்கும் முன்னால் வருவதாகச் சொல்லிப் போனவன் வரவில்லை, இவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது நம் பழைய பாடல்களில் எத்தனை முறை வருகிறது! முகாமில் இருப்பவனின் ஏக்கத்துக்கும் ‘பாசறைப் புலம்பல்’ என்று தனியாகப் பெயர் உண்டு. 1914 டிசம்பரில் பிரான்சில் நடந்ததைச் சொல்ல எனக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்கவில்லை.

ஒரு சிப்பாயின் ஒரு நாள் எப்படிக் கழிந்தது?

இரவும் பகலும் இடம் மாறிய வாழ்க்கை. பொழுது விடியும் முன்பே எல்லாரும் துப்பாக்கியோடு பதுங்குகுழிச் சுவரோரம் நிற்க வேண்டும். தாக்குதல் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் வரும். வெளிச்சம் வந்த பிறகு தலையைத் தூக்க முடியாது, எதிரில் குறிபார்த்துச் சுடுபவன் காத்திருப்பான். பகல் முழுக்க உட்கார்ந்தபடியே அரைத்தூக்கம், துப்பாக்கி துடைத்தல், பேன் பார்த்தல். சட்டைத் தையலுக்குள் பேன் முட்டையிட்டிருக்கும், மெழுகுவர்த்திச் சுடரைத் தையல் ஓரமாக நகர்த்திப் பொசுக்குவார்கள். மாலை மங்கும்போது மறுபடி துப்பாக்கியோடு நிற்க வேண்டும். இருட்டிய பிறகுதான் உண்மையான வேலை. மண் வெட்டுவது, மணல் மூட்டை அடுக்குவது, முள்வேலி கட்டுவது, சாப்பாடும் தோட்டாவும் சுமந்து வருவது, செத்தவர்களை எடுத்துப் போவது.

வட பிரான்சில் ஃபெஸ்டூபெர், ழிவான்ஷி, நெவ் ஷப்பெல் பக்கமெல்லாம் தாழ்வான களிமண் பூமி. கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறிவிடும். முழங்கால் வரை சேற்றில் நின்றே காவல் காத்தார்கள். காலணி ஊறி, காலில் சுற்றிய துணிப்பட்டை ஊறி, பாதம் வெளுத்து வீங்கி உணர்ச்சி போய்விடும். கவனிக்காமல் விட்டால் விரல் அழுகும். காலில் எண்ணெய் தேய்த்துக்கொள்வதும் காய்ந்த காலுறை மாற்றுவதும் உத்தரவாகவே இருந்தது. காய்ந்த காலுறைக்கு எங்கே போவது? இந்தியாவிலிருந்து வெயிலுக்கேற்ற காக்கி உடுப்போடு வந்தவர்கள் இவர்கள். கம்பளி மேல்கோட்டு எல்லாருக்கும் வந்து சேர்வதற்குள் குளிர் வந்துவிட்டது.

சில நாள் முன்வரிசை, சில நாள் பின்வரிசை, பிறகு ஊருக்குள் ஒரு குடியானவன் வீட்டுக் களஞ்சியத்தில் வைக்கோல் மேல் தூக்கம். இந்தச் சுழற்சிதான் மாதக்கணக்கில். சண்டை என்று வந்தால் எல்லாம் ஒரே மூச்சில் முடிந்துவிடும். 1915 மார்ச் 10 முதல் 13 வரை நெவ் ஷப்பெலில் நடந்த தாக்குதலில் மட்டும் இந்தியப் படையில் செத்தும் காயம்பட்டும் போனவர்கள் நான்காயிரத்துக்கு மேல். அந்த ஆண்டு ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர் நகரருகே விஷவாயுப் புகைக்குள்ளும் இவர்களை அனுப்பினார்கள்.

சாப்பாடு?

கோதுமை மாவு, பருப்பு, நெய், வெல்லம், மஞ்சள், மிளகாய், இஞ்சி, ஆட்டிறைச்சி. இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் தனித்தனியாக ஆடு அறுக்கப்பட்டது. சமையல் பின்வரிசையில் நடக்கும், சப்பாத்தி இருட்டில் முன்வரிசைக்கு வரும். வருவதற்குள் ஆறி, விறைத்து, சில நாள் சேறும் பட்டிருக்கும். மாவு கிடைத்தது, நெய் கிடைத்தது. அம்மா கையால் வராதது ஒன்றுதான் குறை. அதைத் தீர்க்க எந்த ராணுவத்தாலும் முடியாது.

இவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா?

பெரும்பாலோருக்குத் தெரியாது. எழுதத் தெரிந்த ஒரு தோழனிடமோ எழுத்தரிடமோ உட்கார்ந்து, சுற்றி நான்கு பேர் இருக்கும்போது, வாயால் சொல்லித்தான் எழுதினார்கள். மறுமுனையிலும் அதே கதை. ஒரு மாதம் போலக் கடலில் மிதந்து ஊருக்கு வந்த கடிதத்தை வாத்தியாரோ தபால்காரரோ உரக்கப் படிப்பார். அம்மா, அப்பா, அண்ணி, பக்கத்து வீட்டார் எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்க, கதவோரமாக மனைவியும் கேட்பாள். நடுவில் தணிக்கை அதிகாரி வேறு.

இதை யோசித்துப் பார்க்காமல் இந்தக் கடிதங்களைப் படிக்கக் கூடாது. ‘உன்னை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்’ என்று ஒருவன் எத்தனை பேர் முன்னிலையில் சொல்ல முடியும்? அதனால் ஆசையெல்லாம் மாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் கேட்கும் கேள்விகளுக்குள் போய் ஒளிந்துகொண்டது.

எனக்கு இது சொந்த அனுபவத்தில் தெரியும். 1971 போரின்போது என் பெரியப்பா எல்லையில் இருந்தார். 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் முகவரியிலிருந்து இன்லேண்ட் கடிதம் வரும். பெரியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஒன்பது வயதுப் பையன் நான்தான் படித்துக் காட்டுவேன். ‘இங்கு நான் நலம், அங்கு அனைவரும் நலமா, செவலைப் பசு கன்று போட்டதா.’ போரைப் பற்றி ஒரு வரி இருக்காது. படித்து முடித்ததும் பெரியம்மா, “அந்தச் செவலையைப் பத்தி எழுதியிருக்காரே, அதை இன்னொரு தடவை படிடா” என்பார். பதில் எழுத உட்கார்ந்தால், “கிணத்துல தண்ணி வந்துடுச்சுன்னு எழுது” என்பார், “கன்னு கெடேரின்னு எழுது” என்பார். பிறகு எதையோ சொல்ல வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி போதும், ஒட்டிடு” என்பார். அந்தச் சொல்லாத வரி என்னவென்று எனக்குப் புரிய இருபது வருடம் ஆயிற்று.

தணிக்கை எப்படி நடந்தது?

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைந்த படை என்று சொல்லப்பட்டவர்களிடமிருந்து 1915 மார்ச் வாக்கில் வாரத்துக்குப் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் கடிதங்கள் போய்க்கொண்டிருந்தன. ஹவெல் என்ற அதிகாரியின் தலைமையில் ஒரு சிறு குழு அவற்றில் ஒரு பகுதியைத்தான் படிக்க முடிந்தது. படையின் மனநிலையைத் தெரிந்துகொள்வதற்காகச் சில பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார்கள். மூலக் கடிதங்கள் பெரும்பாலும் அழிந்தன. வேவு பார்க்கச் செய்த அந்த மொழிபெயர்ப்புகள்தான் இன்று லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. ஒட்டுக்கேட்டவன் எழுதி வைத்ததால்தான் பேசியவன் குரல் நமக்குக் கிடைத்திருக்கிறது.

தணிக்கை இருப்பது சிப்பாய்களுக்கும் தெரியும். ‘கருப்பு மிளகு தீர்ந்துவிட்டது, இப்போது சிவப்பு மிளகைப் பயன்படுத்துகிறார்கள்’ என்ற பொருளில் எழுதுவார்கள். கருப்பு என்றால் இந்தியர், சிவப்பு என்றால் வெள்ளைக்காரர். இந்தத் தந்திரத்தை அதிகாரிகளும் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். ‘தம்பியைப் படையில் சேர விடாதே’ என்பதை நேராக எழுதியவர்களும் உண்டு, சுற்றிவளைத்து எழுதியவர்களும் உண்டு.

வீட்டு ஏக்கம் கடிதங்களில் எப்படித் தெரிகிறது?

கேள்விகளாகத் தெரிகிறது. மழை பெய்ததா? கோதுமை எப்படி? அந்த வழக்கு என்ன ஆயிற்று? கடன் எவ்வளவு மிச்சம்? தங்கைக்கு வரன் வந்ததா? ஏன் பதில் போடவில்லை? இந்தக் கடைசிக் கேள்வி வராத கடிதத் தொகுப்பே இல்லை என்று சொல்லலாம்.

போரைச் சொல்ல நேரும்போதும் வயலிலிருந்துதான் உவமை எடுத்தார்கள். கதிர் அறுத்த மாதிரி ஆட்கள் விழுகிறார்கள் என்றும், சட்டியில் தானியம் வறுபடுவது போல வறுபடுகிறோம் என்றும் எழுதினார்கள். காயம்பட்ட ஒருவர் 1915 ஜனவரியில், இது போரே இல்லை, உலகம் முடிகிற நேரம் என்ற பொருளில் எழுதினார். மகாபாரதப் போரோடு ஒப்பிட்டவர்களும் இருந்தார்கள். பீரங்கியையும் விஷவாயுவையும் சொல்ல வேறு வார்த்தை அவர்களிடம் இல்லை, யாரிடமும் இல்லை.

இன்னொன்று. படம் எடுத்து அனுப்பினார்கள். உடுப்பும் தலைப்பாகையும் திருத்தி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து எடுத்த படம். முழு உடம்பும் தெரிய வேண்டும் என்பதில் கவனமாக இருந்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. கையும் காலும் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்கு அதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

லீவு கிடைக்காதா? காயம்பட்டால் ஊருக்கு அனுப்ப மாட்டார்களா?

அவர்களின் ஆறாத மனக்குறை இதுதான். பிரிட்டிஷ் சிப்பாய்க்கு ஊர் ஒரு கடற்கால்வாய் தாண்டி இருந்தது, சில நாள் விடுப்பில் போய்வர முடிந்தது. இந்தியச் சிப்பாய்க்கு அந்தப் பேச்சே இல்லை. அதைவிடக் கொடுமை, காயம் ஆறியதும் மறுபடி முன்வரிசைக்கே அனுப்பினார்கள். ஒருமுறை ரத்தம் சிந்தியவனின் கடன் தீர்ந்தது என்று அவர்கள் நம்பினார்கள். நம் ஊரில் செஞ்சோற்றுக் கடன் என்போம், வடக்கே உப்பின் கடன் என்பார்கள். அந்தக் கடனை ஒரு மனிதன் எத்தனை முறை அடைப்பது?

இரண்டு சகோதரர்களைச் சொன்னால் இது விளங்கும். பட்டாணியர்களான மீர் தஸ்த், மீர் மஸ்த். மீர் மஸ்த் 1915 மார்ச் மாதம் ஒரு மழை இரவில் சில தோழர்களோடு ஜெர்மானியர் பக்கம் போய்விட்டார். மீர் தஸ்த் அடுத்த மாதம் ஈப்ரில் காட்டிய வீரத்துக்காக பிரிட்டனின் மிக உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்றார். ஆகஸ்டில் பிரைட்டனில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் கையால் பதக்கம் வாங்கியபோது, காயம்பட்டவர்களைத் திரும்பப் போர்முனைக்கு அனுப்ப வேண்டாம் என்று அவர் மன்னரிடமே கேட்டதாகச் சிப்பாய்களின் கடிதங்களில் பேச்சு அடிபடுகிறது. ஒருவனைத் துரோகி என்றும் இன்னொருவனை வீரன் என்றும் ஏடுகள் எழுதின. எனக்கு இருவரும் ஒரே வீட்டைப் பார்த்து நின்றவர்களாகத்தான் தெரிகிறார்கள்.

அரண்மனையில் வைத்து வைத்தியம் பார்த்தார்களாமே?

உண்மை. இங்கிலாந்தின் தெற்குக் கடற்கரையில் பிரைட்டன் நகரத்தில், வெளியே வெங்காயக் குவிமாடங்களும் உள்ளே பறவைநாகச் (டிராகன்) சித்திரங்களும் சரவிளக்குகளுமாக ராயல் பெவிலியன் என்று ஒரு மாளிகை இருக்கிறது. 1914 டிசம்பரிலிருந்து அதை இந்தியச் சிப்பாய்களுக்கு மருத்துவமனை ஆக்கினார்கள். சாதி, மத வழக்கப்படி ஒன்பது சமையலறைகள், தனித்தனித் தண்ணீர்க் குழாய்கள். மன்னர் தன் வீட்டையே நமக்கு விட்டுக்கொடுத்தார் என்று சிப்பாய்கள் நம்பும்படி செய்தி பரப்பப்பட்டது. உண்மையில் 1850இலேயே அது நகரத்துக்கு விற்கப்பட்டுவிட்டது.

பூமியில் சொர்க்கம் உண்டென்றால் அது இதுவே என்று எழுதியவர்கள் இருந்தார்கள். அதே ஊரில் இன்னொரு பெரிய மருத்துவமனையில், சுற்றிலும் வேலியும் காவலும் வைத்து எங்களைக் கைதிகள் போல அடைத்திருக்கிறார்கள் என்று மனம் கசந்து எழுதியவர்களும் இருந்தார்கள். ஊருக்கு வெளியே புல்மேட்டில், இறந்த இந்து, சீக்கிய வீரர்கள் 53 பேரை எரித்த இடத்தில், 1921இல் ‘சத்ரி’ என்ற வெண்பளிங்கு நினைவிடம் எழுந்தது. முஸ்லிம் வீரர்களை வோக்கிங் நகர மசூதி அருகே அடக்கம் செய்தார்கள்.

அந்த ஊர் மக்கள் எப்படிப் பழகினார்கள்?

தங்கியிருந்த வீடுகளின் வயதான பெண்களைப் பற்றி அவர்கள் எழுதியதைப் படித்தால் நெஞ்சு இளகும். தன் பிள்ளைகளையும் போருக்கு அனுப்பிவிட்டு, இவர்களுக்குத் துணி துவைத்துக் கொடுத்து, சூடாக ஏதாவது குடிக்க வைத்த தாய்மார்கள். மகன் இறந்த செய்தி வந்த பிறகும் வேலையை விடாமல் செய்தவர்கள். அந்தப் பெண்களுக்குப் படிக்கத் தெரிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, நம் பெண்பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்புங்கள் என்று ஊருக்கு எழுதிய சிப்பாய்கள் பலர். மனைவி தானே கடிதம் படிக்க வேண்டும் என்ற ஆசையும் அதற்குள் இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

எதற்காகத்தான் போனார்கள்?

மாதம் 11 ரூபாய் சம்பளம். அதோடு குடும்ப மரபு, மானம், நிலம் கிடைக்கும் என்ற நம்பிக்கை. கட்டாய ராணுவச் சட்டம் இல்லை. ஆனால் போரின் பின்பகுதியில் பஞ்சாபில் ஆள் பிடித்த விதத்தை விருப்பம் என்று சொல்ல மாட்டேன்.

இவர்களின் குரலைக் கேட்க முடியுமா?

முடியும். ஜெர்மனியில் பெர்லினுக்குத் தெற்கே வூன்ஸ்டோர்ஃபில் பிறை நிலா முகாம் என்று ஒரு போர்க்கைதி முகாம் இருந்தது. அங்கே மொழி ஆராய்ச்சிக்காகக் கைதிகளைப் பேசச் சொல்லி இசைத்தட்டில் பதிந்தார்கள். 1916 டிசம்பர் 11 அன்று மால் சிங் என்ற பஞ்சாபிச் சிப்பாய் ஒலிப்பதிவுக் கருவியின் கூம்பின் முன் நின்று ஒரு கதை சொன்னார். ஒரு மனிதன் இருந்தான், இந்துஸ்தானத்தில் வெண்ணெய் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், போருக்கு வந்தான், ஜெர்மானியர் பிடித்துவிட்டார்கள், ஊர் போக விரும்புகிறான், போனால் அந்தச் சாப்பாடு கிடைக்கும். ‘நான்’ என்று தொடங்கவில்லை, ‘ஒரு மனிதன்’ என்றுதான் தொடங்கினார். எதிரில் நின்றவர்கள் உச்சரிப்பைக் குறித்துக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டது எனக்கு அந்த இடத்தில் நினைவு வந்தது. அந்தத் தட்டு பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தின் ஒலிக் காப்பகத்தில் இருக்கிறது.

எங்கள் குடும்பத்திலிருந்து யாராவது போனார்களா என்று எப்படித் தேடுவது?

முதலில் ஊரைப் பாருங்கள். ‘இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் பெரும் போருக்குச் சென்றனர், இத்தனை பேர் உயிர் நீத்தனர்’ என்று ஆங்கிலத்தில் பொறித்த சிறு கல்வெட்டுகள் தமிழ்நாட்டிலும் பல இடங்களில் உண்டு. சாவடிச் சுவரிலோ மணிக்கூண்டிலோ சுண்ணாம்பு பூசி மறைந்து கிடக்கும். இறந்தவர் பெயர் தெரிந்தால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் தேடலாம். பிரான்சில் இறந்து கல்லறை இல்லாதவர்கள் 4,700க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் நெவ் ஷப்பெல் நினைவுச் சுவரில் இருக்கின்றன.

பிறகு வீட்டுப் பழைய டிரங்குப் பெட்டியில் போர்ப் பதக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை, மறுபக்கம் குதிரை மேல் ஒரு வீரன், அவனுக்கு இருபுறமும் 1914, 1918 என்ற ஆண்டுகள். வெள்ளிப் பதக்கம் என்பதால் அடகுக் கடைக்கும் உருக்குவதற்கும் போனவை உண்டு, உங்கள் வீட்டில் தப்பியிருக்கலாம். புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். டார்ச் அடித்து அதன் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள், படை எண், பெயர், படைப்பிரிவு பொடி எழுத்தில் வெட்டியிருக்கும்.